காட்கோபரில் வீடு, கொரியாவில் விலாசம்



2021ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலையினால் மும்பை மாநகரம் மறுபடியும் கதவடைத்திருந்த நாட்கள். காட்கோபர் கிழக்கில் நம் தமிழ் மக்கள் நெருங்கி வாழும் ஒரு சாலிலிருந்து தாயார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து இருபது ஆண்டுகளைக் கடந்த குடும்பம். கணவர் விடியுமுன் இட்லி அவித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்படுகிறவர். மூத்த மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தான்.

"ஐயா, பெரியவன் கொரியாவுக்கு ஏதோ பதிவு பண்ணியிருக்கானாம். சின்னவன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தத நான் கேட்டேன். வேலைக்கா, படிப்புக்கா, ஒண்ணும் விளங்கல. பத்தாவதுகூட முடிக்காத புள்ளைய யாரு கொரியாவுக்குக் கூப்பிடுதா? நீங்க வந்து என்னன்னு கேளுங்கய்யா."

ஊரடங்கு தளர்ந்தபின் ஜூன் மாதத்தில் அந்த வீட்டுக்குச் சென்றேன். பத்துக்குப் பதினைந்து அடி அறை. மேலே பலகைப் பரண். அந்தப் பரணில், கையில் செல்போனோடு, பையன் படுத்திருந்தான். அழைத்தவுடன் மரியாதையாக இறங்கி வந்தான். நல்ல பிள்ளை, ஞாயிறுதோறும் நாற்காலிகளை எடுத்துப் போடுகிறவன். "தம்பி, கொரியாவுக்குப் போகிறாயாமே?" என்று கேட்டேன். சற்று நேரம் விழித்தான்; பிறகு சிரித்துவிட்டான்.

"போகல பாஸ்டர். ஏற்கெனவே அங்கேதான் இருக்கேன்" என்றான்.

பப்ஜி என்னும் விளையாட்டின் கொரியப் பதிப்பை அவன் விளையாடிக்கொண்டிருந்தான். இந்தியாவில் அந்த விளையாட்டு தடை செய்யப்பட்டு ஒன்பது மாதங்கள் கடந்திருந்தன. தடை அவனைத் தொடவேயில்லை! காட்கோபர் பரணில் படுத்தபடியே அவன் சியோல் நகரத்தின் கதவைத் தட்டி உள்ளே போயிருந்தான்.

சர்வர் என்றால் என்ன?

நம்மில் பலருக்கு இந்த வார்த்தை வங்கியில்தான் அறிமுகம். "சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்பார்கள். அதே சர்வர்தான் இதுவும். நூறு பேர் நூறு ஊர்களிலிருந்து ஒரே ஆட்டத்தை ஆட வேண்டுமானால், யார் எங்கே நிற்கிறார், யார் முதலில் சுட்டார் என்று கணக்கு வைக்க நடுவில் ஒரு கணினி வேண்டும். அந்த நடுவர் கணினியே சர்வர். அது நமக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு விரைவாக நம் விரலின் அசைவு அதைச் சென்றடையும். போய்வருவதற்கு ஆகும் நேரத்தைப் பிள்ளைகள் 'பிங்' என்று சொல்லுகிறார்கள்.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். மும்பையிலிருந்து சியோல் நேர்கோட்டில் சுமார் 5,600 கிலோமீட்டர். போக வர எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் 56 மில்லி விநாடி ஆகும். கடலடிக் கம்பிகள் நேர்கோட்டில் செல்வதில்லை. பல ஊர்களைச் சுற்றிப் போவதால் நடைமுறையில் இது 100 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். அதாவது எதிரி சுட்ட பிறகுதான் அவன் வந்ததே நம் பையன் கண்ணில் படும்! ஆகவேதான் நிறுவனங்கள் அந்தந்த நாட்டுக்கென்று சர்வர்களை வைக்கின்றன. மும்பையிலேயே பெரிய கணினிக் கூடங்கள் உண்டு. அமேசான் நிறுவனம் 2016இலும் கூகுள் 2017இலும் இங்கே தங்கள் கூடங்களைத் திறந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். வேற்று நாட்டு சர்வரில் விளையாடுவது எல்லாமே குற்றம் என்று நான் எழுதவரவில்லை. பல விளையாட்டுகளுக்கு இந்தியாவில் சர்வரே இருந்ததில்லை. 2020 ஜூனில் வேலோரண்ட் என்ற விளையாட்டு வெளியானபோது நம் நாட்டுப் பிள்ளைகள் முதலில் சிங்கப்பூர் சர்வரில்தான் ஆடினார்கள். மும்பை சர்வர் அதன் பின்னரே வந்தது. அந்த நிறுவனமே அனுமதித்த வழி அது. அதில் பொய் எதுவும் இல்லை. நான் பேசுவது, "நீ எந்த நாட்டான்?" என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை கூசாமல் பொய் விலாசம் கொடுத்து உள்ளே போகும் காரியத்தைப் பற்றியது.

தடை வந்த நாளில் நான் செய்த தவறு

பப்ஜி நம் நாட்டில் புயல்போலப் பரவியது 2018ஆம் ஆண்டில். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையம் மலிந்துவிட்டது. ஏழையின் வீட்டிலும் செல்போன் வந்துவிட்டது. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் இந்த விளையாட்டைத் தடை செய்த காவல்துறை, தடையை மீறி ஆடிய இளைஞர்களைக் கைதுகூடச் செய்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் நம் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் இதைத் தடை செய்யும்படி பொதுநல வழக்கு ஒன்று வந்தது. வழக்குத் தொடுத்தவன் யார் தெரியுமா? தன் தாயார் மூலமாக மனுச் செய்த 11 வயதுச் சிறுவன்!

பிறகு 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு மோதல் ஏற்பட்டது. அம்மாதம் 29ஆம் தேதி 59 சீனச் செயலிகளும், செப்டம்பர் 2ஆம் தேதி மேலும் 118 செயலிகளும் தடை செய்யப்பட்டன. அந்த 118இல் பப்ஜியும் ஒன்று. விளையாட்டை உருவாக்கியது கொரிய நிறுவனந்தான். ஆனால் செல்போனில் அதை வெளியிட்டுவந்தது சீனாவின் டென்சென்ட். அக்டோபர் 30ஆம் தேதி இந்தியர்களுக்கான சர்வர்கள் முழுவதுமாக நிறுத்தப்பட்டன.

அந்த நாட்களில் எங்கள் ஆராதனை செல்போன் வழியாகவே நடந்துகொண்டிருந்தது. நான் என்ன செய்தேன்? "பிள்ளைகளைப் பிடித்திருந்த ஒரு கட்டு அறுந்தது" என்று பெற்றோரோடு சேர்ந்து மகிழ்ந்தேன். தாய்மார்கள் கண்ணீரோடு நன்றி சொன்னார்கள். அதோடு அந்தக் காரியத்தை மறந்தும்விட்டேன், ஒரு பையனையாவது அழைத்து, "தம்பி, இப்போது மாலையில் என்ன செய்கிறாய்?" என்று நான் கேட்கவில்லை. எங்கள் வேலையை அரசாங்கம் செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பூட்டப்பட்டது முன்வாசல் மட்டுமே என்பதை அந்தப் பரணின் கீழே நின்றபோதுதான் அறிந்தேன்.

கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் அந்த விளையாட்டின் தனிப் பதிப்பு ஒன்று உண்டு. தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருந்தது அந்தப் பதிப்பு அன்று. பிளே ஸ்டோரில் நாட்டை மாற்றிக்கொள்ள ஆண்டுக்கு ஒருமுறைதான் அனுமதி. ஆகவே பையன்கள் புதிதாக ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறப்பார்கள், அல்லது ஏதோ ஒரு தளத்திலிருந்து ஏ.பி.கே. கோப்பை நேராக இறக்கிக்கொள்வார்கள். தேவைப்பட்டால் வி.பி.என். என்ற செயலியையும் போட்டுக்கொள்வார்கள். நாம் அனுப்பும் செய்தியை முதலில் வேறொரு நாட்டுக் கணினிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து புறப்பட்டதுபோலக் காட்டுவது அதன் வேலை. கடிதத்தைக் காட்கோபரில் எழுதி, சியோலில் தபால் முத்திரை குத்தி அனுப்புவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யோசுவாவின் நாட்களில் கிபியோன் குடிகள் செய்தது உங்களுக்கு நினைவுக்கு வரும். அருகிலேயே குடியிருந்தவர்கள், பூசணம் பிடித்த அப்பத்தையும் கிழிந்த பாதரட்சைகளையும் எடுத்துக்கொண்டு, மகா தூர தேசத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லி உடன்படிக்கை பெற்றார்கள். மூன்றே நாளில் உண்மை வெளிப்பட்டது. உயிர் தப்பினார்கள், ஆனால் விறகு வெட்டுகிறவர்களாகவும் தண்ணீர் சுமக்கிறவர்களாகவும் ஆனார்கள். அந்தப் பையனிடம் இதைச் சொன்னபோது, "அவங்க பயந்து செஞ்சாங்க பாஸ்டர், நான் விளையாட்டுக்குத்தானே செஞ்சேன்" என்றான். பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன்.

ஜூலை முதல் தேதி

2021 ஜூலை 1ஆம் தேதி முதல் கொரியப் பதிப்பு, கொரியாவிலும் ஜப்பானிலும் இருப்பவர்களுக்கு மட்டுமே என்று அந்நிறுவனம் அறிவித்தது. மறுநாள் ஜூலை 2ஆம் தேதி இந்தியாவுக்கென்றே பி.ஜி.எம்.ஐ. என்ற புதிய பதிப்பு முறைப்படி வெளிவந்தது.

அந்த வாரத்தில் அந்தத் தாயார் மறுபடியும் அழைத்தார். இம்முறை அழுகை. பையன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. விசாரித்தபோது உண்மை கொஞ்சங்கொஞ்சமாக வெளிவந்தது. கொரியப் பதிப்பில் தன் வீரனுக்கு உடையும் துப்பாக்கிக்கு அலங்காரமும் வாங்க, நூறு, இருநூறாக, ஏழு மாதங்களில் பதினோராயிரம் ரூபாய்க்குமேல் செலவழித்திருந்தான். அதில் நாலாயிரம், முகமறியாத ஒருவனிடமிருந்து வேறொரு 'ஐடி' வாங்குவதற்குக் கொடுத்தது. விற்றவன் பணத்தைப் பெற்றுக்கொண்டு, பத்து நாளில் பழைய மின்னஞ்சலை வைத்து அந்தக் கணக்கைத் தானே மீட்டுக்கொண்டான். பையன் எங்கே போய் முறையிடுவான்? சொந்த நாட்டில் தடை செய்யப்பட்ட விளையாட்டு. கொரியாவிலோ அவன் இல்லவே இல்லாத ஆள்.

பணம் யாருடையது? தகப்பனாருடையது. இட்லிக்குக் காசு கொடுப்பதற்குப் பதிலாகச் செல்போனைக் காட்டிப் பணம் அனுப்பும் வழக்கம் அப்போது எங்கும் பரவிவிட்டது. தகப்பனாருக்கு அந்தச் செயலியை நிறுவிக்கொடுத்தது மகன். இரகசிய எண்ணை வைத்துக்கொடுத்ததும் மகன். வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் வரும் குறுஞ்செய்தியைப் படித்துச் சொன்னதும் அவனே!

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பிழைப்புக்காக மும்பை வந்த நம் குடும்பங்களில் பிள்ளைதான் வீட்டின் வாய். மராத்தியில் வரும் மின்கட்டணச் சீட்டை வாசிப்பது பிள்ளை. இந்தியில் கடைக்காரனிடம் பேசுவது பிள்ளை. வார்டு அலுவலகத்துக்கு அப்பாவோடு போய் நிற்பது பிள்ளை. பத்து வயதிலேயே அவனைப் பெரியவனாக்கிவிடுகிறோம். பெருமையாகவும் சொல்லிக்கொள்ளுகிறோம். ஊரில் தமிழ் படித்த தகப்பன், இங்கே மகன் வாசித்துச் சொல்லுவதையே நம்பி நிற்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் "பிள்ளையின் போனைக் கண்காணியுங்கள்" என்று பத்திரிகைகள் எழுதும் ஆலோசனையால் என்ன பயன்? எந்தக் கண்ணால் கண்காணிப்பது? அவர்களுடைய கண்ணே அவன்தானே!

இரு நாட்டுக் காவலும் இல்லாத இடம்

பண நட்டம் பெரிதன்று. அதைக் காட்டிலும் என்னைக் கலங்கச்செய்தது வேறொன்று.

பி.ஜி.எம்.ஐ. வெளிவந்தபோது 18 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சில விதிகளை வகுத்திருந்தார்கள். பெற்றோரின் ஒப்புதலும் கைபேசி எண்ணும் வேண்டும். நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்குமேல் ஆட முடியாது. ஒரு நாள் செலவுக்கு 7,000 ரூபாய் வரம்பு. (நாளொன்றுக்கு ஏழாயிரம்! இந்த வரம்பை வகுத்தவர்கள் காட்கோபர் சாலில் குடியிருந்தவர்கள் அல்லர் என்பது நிச்சயம்.) இரத்தத்தின் நிறத்தைக்கூடப் பச்சையாக மாற்றினார்கள். இவை போதுமானவையா என்பது வேறு கேள்வி. ஆயினும் ஒரு வேலி இருந்தது.

கொரியாவிலும் வேலி இருந்தது. 2011 நவம்பர் முதல், 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை இணையத்தில் கணினி விளையாட்டுகளை ஆடக்கூடாது என்று அந்நாட்டில் சட்டம் இருந்தது. அங்கேயும் பிள்ளைகள் பிள்ளைகள்தாமே! தாய் தகப்பனின் குடியுரிமைப் பதிவு எண்ணைக் கொடுத்து உள்ளே போனார்கள். அந்தச் சட்டம் 2022 ஜனவரி முதல் நீக்கப்பட்டது. நேரத்தைப் பெற்றோரே கேட்டு நிர்ணயித்துக்கொள்ளும் முறை மட்டும் நீடித்தது. சீனாவோ 2021 ஆகஸ்டில் இன்னும் கடுமையாயிற்று: 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், இரவு 8 முதல் 9 வரை, ஒரே மணி நேரம்.

இப்போது நம் பையனைப் பாருங்கள். இந்தியப் பதிப்பில் இல்லாததால் இந்திய வரம்பு அவனுக்கு இல்லை. கொரியாவில் பொய் விலாசத்தோடு, பொய்யான பிறந்த ஆண்டோடு இருப்பதால் அந்த நாட்டின் காவலும் இல்லை. அங்கே அவன் முப்பது வயது ஆண்! பதினைந்து வயதுப் பிள்ளையோடு பேசுகிறோம் என்று அறியாமலே பெரியவர்கள் அவனோடு பேசினார்கள். என்னவெல்லாம் பேசினார்கள் என்பதை அவன் என்னிடம் முழுவதும் சொல்லவில்லை.

பொய் விலாசத்தின் விலையை அந்த நாட்டு மக்களும் கொடுத்திருக்கிறார்கள். 2006 பிப்ரவரியில் கொரியாவில் 'லீனியேஜ்' என்ற விளையாட்டில் பெரிய மோசடி ஒன்று வெளிப்பட்டது. தாங்கள் ஆடியே இராத விளையாட்டில் தங்கள் பெயரிலும் பதிவு எண்ணிலும் கணக்குகள் இருப்பதைப் பல்லாயிரக்கணக்கானோர் கண்டார்கள். அவற்றில் பெரும்பகுதி சீனாவிலிருந்து திறக்கப்பட்டவை. கொரிய எண் இல்லாமல் கொரிய சர்வருக்குள் போக முடியாது. ஆகவே எவருடைய எண்ணையோ திருடிப் போனார்கள். பையன்கள் பணங்கொடுத்து வாங்கும் 'ஐடி' எவருடையது, எப்படிக் கிடைத்தது என்று அவர்கள் ஒருநாளும் கேட்பதில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாட்டு சர்வரிலும் அந்த நாட்டின் மாலை வேளையில்தான் கூட்டம் மிகுதி. கொரியா நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே இரவு 8 முதல் 11 மணி என்பது இங்கே மாலை 4.30 முதல் 7.30 வரை, சரியாக டியூஷன் வேளை! ஜெர்மனியில் குளிர்கால இரவு 8 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12.30. நியூயார்க்கில் கோடைக்கால இரவு 8 மணி என்றால் இங்கே விடியற்காலை 5.30. எந்த நாட்டு சர்வருக்குப் பிள்ளை போகிறானோ அந்த நாட்டுக் கடிகாரத்துக்கு அவன் உறக்கம் அடிமையாகிவிடும். "பையன் பகலெல்லாம் தூங்குகிறான், என்ன வியாதியோ?" என்று என்னிடம் கேட்ட தாய்மார்கள் உண்டு. எந்த நாட்டு வியாதி என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நம் ஜனங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை என்று சில வேளைகளில் தோன்றுகிறது. இரண்டு இடத்துக்கும் சொந்தமில்லாமல் வாழ்வது என்ன என்பதை அனுபவித்தவர்கள் நாம். ரேஷன் அட்டை ஊரில், வயிறு மும்பையில். வாக்காளர் பட்டியலில் பெயர் அங்கே, குடிசையை இடிக்க வரும்போது நிற்பது இங்கே. அங்கே கேட்டால் "நீங்கள் பம்பாய்க்காரர்" என்பார்கள்; இங்கே கேட்டால் "மதராசி" என்பார்கள். ஒரு காகிதத்துக்காக, ஒரு விலாசத்துக்காக எத்தனை ஆண்டுகள் அலைந்திருக்கிறோம்! அப்படிப் பாடுபட்டு ஒரு விலாசம் சம்பாதித்துக்கொடுத்த வீட்டில் பிறந்த பிள்ளை, அதைச் சாதாரணமாகக் கழற்றி வைத்துவிட்டு விலாசமற்றவனாகிறான். தகப்பனாரை உண்மையில் புண்படுத்தியது பணமன்று, இதுதான் என்று பின்னர் அவர் வாயாலேயே கேட்டேன்.

தடைகள் தொடர்ந்தன

இந்தியப் பதிப்பு வந்ததால் காரியம் முடிந்துவிடவில்லை. 2022 பிப்ரவரி 14ஆம் தேதி ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 28ஆம் தேதி பி.ஜி.எம்.ஐ.யும் அரசின் உத்தரவினால் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. பத்து மாதங்கள் கழித்து, 2023 மே மாதம், நேரத்துக்கும் செலவுக்கும் கட்டுப்பாடுகளோடு மீண்டும் வந்தது. இந்தப் பத்து மாதங்களில் எத்தனை பையன்கள் மறுபடியும் வெளிநாட்டுக் கதவுகளைத் தட்டினார்களோ!

வி.பி.என். என்பதே சட்டவிரோதமானது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது சரியன்று. வீட்டிலிருந்து வேலை செய்யும் ஐ.டி. ஊழியர்கள் அலுவலகக் கணினியோடு பாதுகாப்பாக இணைவதே அதன் வழியாகத்தான். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் வி.பி.என். எதையாவது வாங்கிக்கொண்டுதான் கொடுக்கும். நம் செல்போனின் போக்குவரத்து முழுவதும் முகமறியாத ஒருவனுடைய வீட்டு நடை வழியாகச் செல்லுகிறது. தகப்பனாரின் வங்கிச் செயலி இருக்கும் அதே செல்போனில், எங்கிருந்தோ இறக்கிய ஏ.பி.கே. கோப்பையும் போட்டுவைப்பது அறிவுடைமை ஆகுமா? இன்னொரு ஆபத்தும் உண்டு. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய அரசின் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. அந்தச் சூதாட்டத் தளங்கள் பல வெளிநாட்டில் இருந்துகொண்டு அதே குறுக்குவழியால் நம் பிள்ளைகளை அழைக்கின்றன. கொரியாவுக்கு வழி கண்டுபிடித்த பையனுக்கு அந்த வழியும் தெரியும்.

கண்டிப்பு மட்டும் போதாது என்பதற்கு மும்பையிலேயே நடந்த ஒன்று போதும். 2021 ஆகஸ்டில் 16 வயதுப் பையன் ஒருவன் பப்ஜிக்காகத் தாயின் வங்கிக் கணக்கிலிருந்து 10 லட்சம் ரூபாய் வரை செலவழித்துவிட்டான். பெற்றோர் கண்டித்தபோது கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போனான். அந்தேரியிலுள்ள மகாகாளி குகைப் பகுதியில் காவல்துறையினர் அவனைக் கண்டுபிடித்துப் பெற்றோரிடம் சேர்த்தார்கள். தேவகிருபையால் அவன் உயிரோடு திரும்பினான். ஆத்திரத்தில் செல்போனைச் சுவரில் எறிந்து உடைக்கும் தகப்பன்மார் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுவது நல்லது.

விளையாட்டை விட முடியாமல் படிப்பு, உறக்கம், உறவு எல்லாம் பல மாதங்களாகச் சிதையுமானால் அதை நோயென்றே உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். இவற்றில் ஒன்றைச் சொல்லி மற்றதைத் தடுக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதற்கென்றே 2014இல் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனை தமிழிலும் கிடைக்கும். பணம் ஏமாந்துபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். வெட்கத்தினால் பேசாதிருப்பதுதான் ஏமாற்றுக்காரனுக்கு வசதி.

தகப்பனார் கேட்ட கேள்வி

அந்த வீட்டுக்கு மறுபடியும் வருகிறேன். பதினோராயிரம் ரூபாய் போனது தெரிந்த இரவில் அங்கே அடிதடி நடக்கும் என்று அஞ்சி நானும் போயிருந்தேன். தகப்பனார் நெடுநேரம் பேசவில்லை. மாவரைத்த கையைத் துடைத்துக்கொண்டே வந்து பையன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொரியாவுல இப்ப மணி எத்தன?" என்று கேட்டார்.

பையன் திகைத்தான். "ஒன்றரைப்பா. ராத்திரி ஒன்றரை" என்றான். இங்கே மணி பத்து.

"அங்க உள்ளவனே தூங்கப் போயிருப்பான். நீ யாரோட விளையாடுத?"

பையனுக்கு அழுகை வந்துவிட்டது. அதன்பிறகு அவன் பேசியதை நான் எதிர்பார்க்கவில்லை. பள்ளி மூடிக்கிடந்த அந்த ஆண்டில், சாலுக்கு வெளியே தன்னோடு பேச ஒருவரும் இல்லை என்றான். பள்ளியில் அவனை 'இட்லி' என்று கேலி செய்வார்களாம். கொரியாவில் எவனுக்கும் அவன் அப்பா யார் என்று தெரியாது. அங்கே அவன் நன்றாகச் சுடுகிறவன், அவ்வளவுதான். இதைத் தகப்பனாருக்கு முன்பாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். தகப்பனார் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் துணிவில்லை.

மறுநாளே எல்லாம் சீர்ப்பட்டது என்று எழுதினால் அது பொய்ச் சாட்சி. இரண்டு முறை மீண்டும் வி.பி.என். போட்டுப் பிடிபட்டான். தகப்பனார் வங்கிச் செயலியின் இரகசிய எண்ணைத் தாமே மாற்றக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவன் மகனேதான், அவர் எண்ணை அழுத்தும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது உடன்படிக்கை! இந்தியப் பதிப்பில் தன் சொந்தப் பிறந்த தேதியைக் கொடுத்துச் சேர்ந்தான். அதற்கு வந்த ஒப்புதல் செய்தியைத் தகப்பனாருக்கு வாசித்துக் காட்டினான். அவர் இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

இப்போது அவன் கல்லூரி மாணவன். பெயரை வெளியிடாமல் இதை எழுத அவனும் பெற்றோரும் சம்மதித்தார்கள். கட்டுரையை அனுப்புமுன் வாசித்துக் காட்டியபோது, 'பிங்' பற்றிய பகுதியில் மட்டும் ஒரு திருத்தம் சொன்னான், திருத்திக்கொண்டேன். இன்றும் விளையாடுகிறான், திருநெல்வேலியிலுள்ள சித்தப்பா மகனோடு, சனிக்கிழமை மாலைகளில். அதிகாலை மூன்று மணிக்கு இட்லிப் பானையை அடுப்பில் வைக்கத் தகப்பனார் எழும்போது, அவனுடைய செல்போன் கீழே அலமாரியில் சார்ஜரில் கிடக்கும். அது கிடக்கிறதா என்று அவர் தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறார்.